சுத்தக் காற்று எலிகள்

மேல்மாடியில் ஜெர்வாசியோ இருமினால் கீழ்த்தளத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். நடுமாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. ஆளில்லாத வீட்டின் வழியாக இறங்கி வருவதாலோ என்னவோ, இருமலுக்குச் சத்தம் கூடிவிட்டது. காலையில் நான் பேக்கரிக்குக் கிளம்பும்போது ஒரு சுற்று. சாயங்காலம் வந்து காலணிப் பனியை வாசலில் தட்டும்போது ஒரு சுற்று. கேட்டுக் கேட்டுப் பழகி, மனிதர் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று மேலே போகாமலே சொல்லிவிடுவேன். அதனாலேயே மேலே போவதும் குறைந்துபோயிற்று. முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்வேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

அவர் மனைவி இதலீனாவும் நானும் ஒரே தீவு, ஒரே கோயில் பங்கு. ஒரே வருடம் ஃபால் ரிவர் என்ற இந்த மில் ஊருக்கு வந்து சேர்ந்தோம். அவர்களுடைய ஒரே மகள் நேலியாவுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். அந்த உறவில் பெண்ணைக் கொமாத்ரெ என்றும் ஆணைக் கொம்பாத்ரெ என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். நேலியா கல்யாணம் கட்டிக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவாள். அப்பா எப்படி இருக்கார் என்பாள். இருக்கார் என்பாள் இதலீனா. அவ்வளவுதான் பேச்சு.

ஜெர்வாசியோ பத்தொன்பது வருடம் ஆற்றோரத்துக் கருங்கல் மில்லில் வெட்டு இயந்திரத்தில் நின்றவர். நைலான் கயிறு ஒரு பக்கம் உள்ளே போகும். மறுபக்கம் அரை மில்லிமீட்டர் துண்டு துண்டாகக் கொட்டும். பார்த்தால் மாவுதான். அந்தப் பொடியைத்தான் பசை தடவிய துணியில் நட்டு, சோபாவுக்கும் நகைப்பெட்டிக்கும் வழுவழுப்பான வெல்வெட் செய்வார்கள். ஒரு வாரம் பச்சை ஓடும், ஒரு வாரம் நீலம். தெருவில் போகிற ஆளின் புருவத்தைப் பார்த்தே மில்லில் என்ன சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்றுக்குழாயை வைத்து இயந்திரங்களை ஊதிச் சுத்தம் பண்ணுவார்கள். அந்த அரை மணி நேரம் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது.

முதலில் இருமல். அடுத்த வருடம் மாடிப்படி ஏறும்போது நடுமாடியில் ஒருமுறை நின்று ஏறினார். அதற்கடுத்த வருடம் ஒவ்வொரு வளைவிலும் நின்றார். டவுன் டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னார். மனிதர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அப்புறம் மில் சார்பில் ஒரு டாக்டர் பார்த்தார். இவர் புறா வளர்க்கிறார், புறாவின் எச்சமும் இறகுத்தூளும் நெஞ்சில் இறங்கினால் இப்படித்தான் ஆகும், மில்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

புறா வளர்த்தது உண்மைதான். கூரைமேல் கூண்டு கட்டி இருபத்திரண்டு பந்தயப் புறா வைத்திருந்தார். இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மில் டாக்டருக்குப் புறா விஷயம் எப்படித் தெரிந்தது? அதற்கு முந்தின மாதம் தொப்பி போட்ட ஒரு ஆள் என் வாசலில் வந்து நின்று, மேல்வீட்டுக்காரரைப் பற்றி மரியாதையாகக் கேட்டான். அன்றைக்குத்தான் கொடியில் காயப்போட்ட என் வெள்ளைப் போர்வை இரண்டிலும் புறா எச்சம். எனக்கு வந்த கோபத்தில் அவனை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, எத்தனை புறா, எப்போது கூண்டைக் கழுவுகிறார், முகத்தை மூடிக்கொண்டு கழுவுகிறாரா இல்லையா, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் எழுதிக்கொண்டான். எழுதிக்கொள்கிற ஆளைக் கண்டால் எனக்குப் பேச்சு கூடிவிடும்.

டாக்டர் சொன்னபிறகு புறா வளர்ப்பை விட்டுப் பார்ப்போம் என்று ஜெர்வாசியோ முடிவு செய்தார். பந்தயப் புறாவை யாருக்கும் கொடுத்துவிட முடியாது. எத்தனை மைலுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாலும் மறுநாள் மத்தியானம் கூரையில் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கூரைக்கு ஏறி, இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிப் போட்டார். இதலீனா ஒன்றைக்கூடச் சமைக்கவில்லை. அடுத்த வாரமும் இருமல் அப்படியேதான் இருந்தது. அதற்கடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

"என் மேல தப்பில்லன்னு ஒருத்தன் சொன்னாப் போதும்" என்று கொஞ்ச நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார்.

இதலீனாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. எலிக்கூண்டு கழுவுவது, தீனி போடுவது, திங்கட்கிழமை எடை போடுவது. மில் ஆட்கள் ஆறு பேர் ஒரே மாதிரி மூச்சுக்குத் திண்டாடுகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே டாக்டர் ப்ரூவர் என்ற அம்மாள் மில் பொடியை எலிகளுக்கு ஊதிப் பார்க்க ஆரம்பித்தாள். மில்லிடம் நஷ்டஈடு கேட்ட அந்த ஆறு பேருடைய விசாரணை மே மாதம். அதற்குள் எலிகளின் நெஞ்சு என்ன சொல்கிறதென்று தெரிந்துவிடும். ஆறு பேரில் ஒருவர் தன் புருஷன் என்று இதலீனா அங்கே சொல்லிக்கொள்ளவில்லை. கூண்டு கழுவுகிறவளிடம் அதைக் கேட்பாரும் இல்லை.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் சூப்புக்குக் கீரை ஆய என் சமையலறைக்கு வந்தாள். அந்தக் குளிருக்கு எங்கள் கீரை சூப்பும் அதில் போடுகிற காரமான தொத்திறைச்சியும்தான் கதி. கீரைத் தண்டைக் கிழித்துக்கொண்டே பேசினாள்.

"மொத்தம் எத்தனை எலிடி?"

"நாப்பத்தெட்டு. இருபத்தி நாலு தூசி எலி, இருபத்தி நாலு சுத்த எலி."

"சுத்த எலின்னா? குளிச்சு முழுகின எலியா?"

"சிரிக்காத கொமாத்ரெ. தூசி எலியக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, ஆறு மணி நேரம் பொடிய ஊதுவாங்க. சுத்த எலியும் அதே மாதிரிப் பெட்டிக்குள்ள அதே ஆறு மணி நேரம் உக்காரணும். ஆனா அதுக்கு வெறும் காத்து."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டையும் அறுத்து நெஞ்சப் பாப்பாங்க."

"சுத்த எலியையுமா?"

"பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான தெரியும்?"

"நல்ல கதைதான் போ. தூசி எலிக்காவது சாகறதுக்கு ஒரு காரணம் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அதான் எனக்கும் மனசுக்குக் கேக்கல" என்றாள். "தினமும் மொதல்ல சுத்த ரூமு, அப்புறம்தான் தூசி ரூமு. மாத்திப் போகக் கூடாது. தூசி ரூமுக்குள்ள உடுப்பு, முகமூடின்னு ஏகப்பட்டது மாட்டிக்கணும், எலி மூஞ்சியக்கூடச் சரியாப் பாக்க முடியாது. இதுங்க அப்படியில்ல. ஒண்ணொண்ணும் தனித்தனிக் கூண்டு. எல்லாம் என்னையே பாக்கும். சனி ஞாயிறு கட்டடத்துல சூட்டைக் கொறச்சுருவாங்க. திங்கக்கிழம போனா சிலது கம்பியக் கடிச்சுக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். கூண்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வருது. மத்ததெல்லாம் தூங்கிரும். ஒரு ஒம்போது மட்டும்தான் அப்படி."

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"எலிக்குத் தூக்கம் வரலன்னு சொல்லச் சொல்றியா? என்னத்தான் ஒரு மாதிரிப் பாப்பாங்க."

"கொம்பாத்ரெ என்ன சொல்றாரு?"

"அவரு எங்க பேசறாரு?" தண்டைக் குப்பைத்தாளில் தள்ளினாள். "இருமல்ல எனக்குத் தூக்கம் போகுதுன்னு அவரே என்னய நேலியா ரூமுக்குப் போகச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமாச்சு. அந்த ரூமு சின்னப் பிள்ளைக் கட்டிலு. கால நீட்ட முடியாது."

சூப்பில் பாதியை ஒரு பானையில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் மாதம் பாதியில், ஒரு புதன்கிழமை, இதலீனா பேக்கரிக்கு வந்தாள். வேலை நாளில் வந்ததே இல்லை. வாசலில் நம்பர் சீட்டைக் கிழித்துக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். அவள் நம்பர் வந்தது. கூப்பிட்டேன். இனிப்பு ரொட்டிகளையே பார்த்தபடி நின்றாள். நான் கல்லாவை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு, அவளைப் பின்பக்கம் மாவு மூட்டைகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனேன்.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எலிய அறுத்துட்டாங்க."

"அதுக்குத்தான வளத்தாங்க?"

"சுத்த எலி நெஞ்சுல நைலான் இருக்காம் கொமாத்ரெ. இருபத்தி நாலுல ஒம்போதுல. வெள்ளையில்ல, ஒயின் செவப்பு. டாக்டர் ஊதுனது சாயம் போடாத வெள்ளைப் பொடி. செவப்பு எங்கருந்து வந்துச்சுன்னு மூணு நாளா கட்டடத்தையே கழட்டிப் பாக்கறாங்க. காத்துக் குழாய்லதான் எங்கயோ ஓட்டைன்னு எழுதப் போறாங்களாம்."

"எழுதட்டும். உனக்கென்ன?"

அவள் நான் இடுப்பில் கட்டியிருந்த துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "நம்மூர்ல புதுசா கன்னுக்குட்டி வாங்கிட்டு வந்தா என்ன செய்வோம்?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில், தாயைப் பிரிந்து வந்த கன்று ராவெல்லாம் கத்தினால், வீட்டு ஆம்பளை போட்டுக் கழற்றிய சட்டையைத் தொழுவத்தில் போடுவோம். துவைத்த சட்டை ஆகாது, வாசம் போய்விடும். மனுஷ வாசம் பட்டால் கன்று அதில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துவிடும். என் அப்பா சட்டையை நானே எத்தனையோ தடவை கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

"சட்டையவா போட்ட?"

"கிழிச்சு, உள்ளங்கையளவு. ஒம்போதுக்கும் ஒவ்வொரு துண்டு. வெள்ளிக்கிழம சாயங்காலம் கடைசியாப் போகும்போது வச்சுட்டு, திங்கக்கிழம டாக்டர் வர்றதுக்கு முன்னாடி எடுத்துருவேன். ஏழு வாரம். தூங்குச்சுங்க கொமாத்ரெ. மொத திங்கக்கிழமையே ஒண்ணு வாயிலயும் ரத்தமில்ல. துணிக்குள்ள மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டுச் சுருண்டு கெடந்துச்சுங்க."

"எந்தச் சட்டைடி?"

"கடைசி நாள் போட்டுட்டு வந்தது. நிலவறையில ஆணியில மாட்டினது அப்படியே இருக்கு. தொவைக்கல. தொவைச்சு மடிச்சுட்டா அவரு இனிமே வேலைக்கே போக மாட்டாருன்னு ஆயிரும்ல."

அந்தக் கடைசி நாள் எனக்கும் நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை. ஏதோ சோபாக் கம்பெனிக்காக மாதம் பூராவும் ஒயின் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. புருவமும் காதுமடலும் சிவப்பாக ஜெர்வாசியோ படியேறிப் போனதைப் பார்த்தேன். படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே போனார்.

"வாய மூடிக்கிட்டு இரு" என்றேன். "சட்டைய எரிச்சுரு. காத்துக் குழாய் மேல பழி போட்டா குழாய் அழுவப் போறதில்ல."

"குழாய்ல ஓட்டைன்னு எழுதினா, தூசி எலிக் கணக்கும் செல்லாதாம். அந்தக் கட்டடத்துல பாத்த எதுவும் செல்லாதாம். மில் வக்கீல் அதத்தான் பிடிப்பான். ஆறு பேருக்கும் வேற சாட்சி ஏது? இவருக்கு மறுபடியும் புறாதான்னு ஆயிரும்."

"சொன்னா உன் வேலை போயிரும்."

"போகும்."

"அவருக்கும் தெரிஞ்சுரும்."

"அவரக் காப்பாத்தத்தான எலிய வச்சுருந்தாங்க. நான் எலியக் காப்பாத்தப் போயிட்டேன்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்ததற்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். அந்த நேரத்திலும் வெறுங்கையோடு போகக் கூச்சம்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்: சட்டை, புருஷன், ஆறு பேரில் ஒருவர் என்பது, எல்லாம். டாக்டர் சத்தம் போடவில்லையாம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "ஏன் இதலீனா, ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். கன்றுக்குட்டி கதையை இங்கிலீஷில் சொல்ல இவளுக்குத் தெரியவில்லை. "தனியா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். சாவியையும் ரப்பர் காலணியையும் வாங்கிக்கொண்டு, மேலே இருப்பவர்களிடம் பேசவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னாள். நான் கீழே அடுப்பை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இப்படி ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கு உண்டு, மறைப்பானேன். அவள் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. இருமலும் இல்லை. இத்தனை நாள் அந்த இருமலைச் சபித்தவள், அன்றைக்கு அது எப்போது வரும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் அவளைப் படியில் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அப்படியே கையில் இருந்தது.

"என்ன சொன்னாரு?"

"எந்தச் சட்டைன்னு கேட்டாரு. சொன்னேன். சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. சாப்பிடல. தண்ணி குடுத்தா வாங்கிக்கறாரு, மூஞ்சியப் பாக்கல."

"கோபம் ஆறிரும்டி."

"கோபமா இருந்தாப் பரவால்லயே கொமாத்ரெ. இது கோபமில்ல."

இது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. தனக்காகப் பேச இனி யாரும் இல்லை என்று ஒரு மனிதன் முடிவு செய்துவிட்டால் இப்படித்தான் படுப்பான். அந்த முடிவுக்கு அவரைத் தள்ளியதில் இதலீனாவின் பங்கு ஏழு வாரம்தான். என் பங்கு அதைவிடப் பழையது. அதைச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. தட்டை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

சனிக்கிழமை காலையில் மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது என் மணி அடித்தது. நரைத்த கூந்தலை ரப்பர் வளையத்தில் கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் நனைந்துபோய் நின்றாள். டாக்டர் ப்ரூவர் என்று பெயர் சொன்னாள். இதலீனா வீட்டு மணி வேலை செய்யவில்லையாம். நான்தான் மேலே கூட்டிக்கொண்டு போனேன். படி வளைவுகளில் நிற்காமல் ஏறுகிற ஒருவர் பின்னால் அந்த வீட்டில் ஏறி ரொம்ப நாளாயிற்று.

இதலீனா கதவைத் திறந்தாள். காப்பி போடட்டுமா என்றாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நனைந்த கோட்டோடு சமையல் மேசையில் உட்கார்ந்து, மடித்த ஒரு காகிதத்தை முன்னால் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் ஜெர்வாசியோவின் முதுகு தெரிந்தது.

"நீங்க அவங்களுக்கு உங்க மொழியில மாத்திச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னாள் டாக்டர். "எந்த ஒம்போது எலிக்குத் துணி வச்சாங்கன்னு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. ஒவ்வொண்ணுக்கும் காதுல நம்பர் இருக்கு."

கேட்டேன். இதலீனா யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, செபமாலை சொல்கிற வேகத்தில் சொன்னாள்.

"மூணு. ஏழு. எட்டு, அது இடது பக்கமாத்தான் படுக்கும். பதினொண்ணு. பன்னெண்டு. பதினாறு. பத்தொம்போது. இருபத்தொண்ணு, அதுதான் ரொம்பக் கடிக்கும். இருபத்தி நாலு."

ஒவ்வொன்றாக நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, டாக்டர் கைக்கடியில் இருந்த காகிதத்தைப் பிரித்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். இருபத்தி நாலில் விரல் நின்றது. காகிதத்தில் அதற்கப்புறம் நம்பர் இல்லை.

"சரியா இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணு விடாம. துணி வச்ச ஒம்போதுலயும் நைலான் இருக்கு, நெஞ்சும் வீங்கியிருக்கு. துணி வைக்காத பதினஞ்சும் சுத்தமா இருக்கு. அப்ப குழாய்ல ஓட்டையில்ல. நான் ஊதின தூசிக் கணக்கு நிக்கும்."

இதைச் சொன்னதும் இதலீனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டாக்டர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். இந்த ஒன்பது எலிகளைப் பற்றி எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையிலும் எழுத முடியாது, எவ்வளவு தூசி என்று அளக்கவில்லை, முறைப்படி செய்யவில்லை. இதலீனாவின் வேலை திரும்பி வராது, அதைக் காப்பாற்றத் தன்னால் முடியவில்லை. மில் வக்கீல் இதை வைத்துக் கேலி பண்ணுவான். ஆனால் விசாரணையில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லப்போவதாகச் சொன்னாள்.

பிறகு எழுந்து, கட்டில் இருந்த அறை வாசலில் போய் நின்றாள்.

"மிஸ்டர் ஜெர்வாசியோ. அந்த எலிங்க ஏழு வாரமா, வாரத்துக்கு மூணு ராத்திரி, உங்க சட்டையில ஒரு துண்டு மேல படுத்துச்சு. அதுங்க நெஞ்சை என் கண்ணால பாத்தேன். நீங்க அந்த மாதிரிச் சட்டையப் போட்டுக்கிட்டுப் பத்தொம்போது வருஷம் நின்னிருக்கீங்க. உங்க நெஞ்சுல இருக்கிறது மில்லுத் தூசிதான்னு நான் நம்பறேன். புறா இல்ல."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாற்றிச் சொல்ல வேண்டிய இடம். கட்டிலின் கால்பக்கம் போய் நின்றேன். அந்த அறைக்குள் நுழைந்து ஆறு மாதம் இருக்கும்.

"கொம்பாத்ரெ, டாக்டர் சொல்றாங்க..."

ஜெர்வாசியோ மெதுவாகப் புரண்டார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டாக்டரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"டாக்டர் சொன்னது எனக்குப் புரிஞ்சுச்சு" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார். "இந்த ஊருக்கு வந்து இத்தன வருஷம் ஆச்சு. அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். நீ சொல்லு."

"நான் என்ன சொல்றது?"

"தொப்பிக்காரன்கிட்டச் சொன்னேல்ல. காப்பி குடுத்து. அதே வாயால சொல்லு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. மில் டாக்டர் எழுதிய காகிதத்தில் என் பெயர் இருந்திருக்கும். இத்தனை நாளும் தெரிந்துகொண்டே நான் கொடுத்தனுப்பிய சூப்பைக் குடித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதலீனா மேசையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது.

"புறா இல்ல கொம்பாத்ரெ" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். "புறா இல்ல. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. போர்வைக் கோபத்துல நான்தான் வாய்க்கு வந்ததச் சொன்னேன். விசாரணைக்கு நானும் வர்றேன். அங்கயும் சொல்றேன்."

"இருபத்திரெண்டு புறா" என்றார் அவர். மெல்ல எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, அந்தக் கைகளைப் பார்த்தபடி அழ ஆரம்பித்தார். அழுகை கொஞ்ச நேரத்தில் இருமலாகிவிட்டது. இதலீனா ஓடிவந்து, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். அவர் அவளை விலக்கவில்லை. டாக்டர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். எனக்கு மட்டும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கட்டிலின் கால்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.